டெல்டாவில் அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் சைக்கிளில் வேலைக்குப் போக: முழு வழிகாட்டி

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டிசம்பர் வரை விடாது. அது ஓய்வதற்குள் மார்கழிப் பனி வந்துவிடும். தை, மாசியில் சாலையெல்லாம் வைக்கோல். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் தினமும் 5 முதல் 10 கி.மீ. சைக்கிள் மிதித்து மில்லுக்கோ கடைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ரயிலடிக்கோ போகிறவர்களுக்காக எழுதியது இது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் வாங்குவது மழைக்கோட்டு. அது கடைசியாக வாங்க வேண்டியது. நனைந்த உடம்பு அரை மணியில் காய்ந்துவிடும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத வண்டியை மழைக்கோட்டு நிறுத்தாது. பிரேக், டயர், விளக்கு, வழி, அதற்குப் பிறகு உடுப்பு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

1. புரட்டாசிக்குள் முடிக்க வேண்டியவை

ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பீர்கள். அது பெரும்பாலும் புரட்டாசியில்தான் வரும். வேலையை அந்த வாரமே முடித்துவிடலாம். முதல் அடைமழை பிடித்த பிறகு போனால் சைக்கிள் கடையில் வண்டிகள் வரிசையில் நிற்கும். ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, திறந்து கிரீஸ் வைக்கும் வேலையும் ஈரத்தில் சரியாக நடக்காது. பொட்டு வைக்கும்போது சந்தனமும் எண்ணெயும் ரிம்மில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. பிரேக் கட்டை 4, உபரி டியூப் 1, அரை அடி வால் டியூப் (காற்றடிக்கும் வால்வின் மேல் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய்), பஞ்சர் சாமான், கைப் பம்பு, பின்பக்கச் சிவப்பு விளக்கு, ஒளிரும் ஸ்டிக்கர் 1 மீட்டர், கனத்த பாலிதீன் பை 2, பழைய வேட்டித் துணி. துணியை மறந்துவிடாதீர்கள், இந்தப் பட்டியலில் தினமும் கைக்கு வருவது அது ஒன்றுதான்.

எந்த வண்டியானாலும் போகும். பதினோராம் வகுப்பில் பிள்ளைக்குக் கொடுத்த விலையில்லா சைக்கிள், பிள்ளை படித்து முடித்ததும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வந்து சேர்வது இங்கே வழக்கம். அப்படி வந்த வண்டி மாதக்கணக்கில் சும்மா நின்றிருக்கும். அதன் பிரேக் ஒயரும் டியூபும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்குவதானால் கியர் வண்டி வேண்டாம். சமவெளியில் கியருக்குப் பெரிய வேலையில்லை; பின் கியரின் சிறு பற்சக்கரங்களில் களிமண் அடைத்தால் செயின் நழுவும். முழுச் செயின் கவர் போட்ட ஒற்றை வேக வண்டிதான் இந்த மண்ணுக்குச் சரி.

2. பிரேக்: முதலில் இது, மற்றதெல்லாம் பிறகு

பழைய 28 அங்குல வண்டிகளின் ரிம் முலாம் பூசிய எஃகு. அந்த வழவழப்பில் தண்ணீர் படலமாக ஒட்டிக்கொள்ளும்; ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்காமல் தண்ணீர் மேலேயே வழுக்கும். அலுமினிய ரிம்மில் இந்தக் குறை குறைவு. டிஸ்க் பிரேக்கில் அதைவிடக் குறைவு.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்:

முதலில் ரிம்மில் கோட்டம் எடுக்க வேண்டும். கோட்டமுள்ள சக்கரத்தில் கட்டையை எவ்வளவு சரியாக வைத்தாலும் ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் எட்டாது.

அடுத்து ரிம்மைத் துடைப்பது. துரு இருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்து, உடனே சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை கழுவுங்கள். மண்ணெண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சினால் துருவே தேவலை என்று ஆகிவிடும்.

மூன்றாவதாகக் கட்டை மாற்றுங்கள். பள்ளம் தேய்ந்து மொழுக்கென்று ஆன கட்டையும், நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகிப்போன கட்டையும் மழைக்கு உதவாது. கம்பி பிரேக்கில் கட்டை ரிம்மின் உள்முகத்தைப் பிடிக்கும். அதன் நீளம் முழுவதும் ஒரே நேரத்தில் தொடுகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக இடைவெளி. கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே ஏறக்குறைய 3 மி.மீ. இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால், ஈரத்தில் கூடுதலாக அழுத்த வேண்டிய நேரத்தில் பிடி கைப்பிடியோடு ஒட்டிவிடும். ஒயர் பிரேக்கானால் உறைக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பிடியை விட்டதும் கட்டை தானாகத் திரும்புகிறதா என்று சோதியுங்கள்.

பிறகு சொம்புச் சோதனை. உலர்ந்த தார்ச் சாலையில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, வழக்கமான வேகத்தில் வந்து அங்கே இரண்டு பிரேக்கையும் பிடியுங்கள். எத்தனை தப்படியில் நிற்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு ரிம்மிலும் சுற்றிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள். எஃகு ரிம்மில் தூரம் கூடத்தான் செய்யும். எவ்வளவு கூடுகிறதோ அதை வைத்து உங்கள் மழைக்கால வேகத்தை முடிவு செய்துகொள்ளலாம். மூன்று மடங்கைத் தாண்டினால் ரிம்மில் இன்னும் பிசுக்கு இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

முன் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் கிராமத்தில் உண்டு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்குத்தான் போகும். அதனால் நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. வெயில் காலத்தில் பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டிவிடலாம். ஐப்பசியில் அது நடக்காது.

3. டயரும் மட்கார்டும்

டயரில் நூல் தெரிந்தாலோ நடுவில் பட்டை மொழுக்கென்று ஆகியிருந்தாலோ மாற்றுங்கள். காற்றைக் கல்லுப்போல் அடிக்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் அச்சடித்த அளவு வரம்புக்குள், வழக்கத்தைவிடச் சற்றே குறைத்து வைத்தால் சாலையைத் தொடும் பரப்பு கூடும். ரொம்பக் குறைத்தால் குழியில் இறங்கும்போது ரிம் டியூபைக் கடித்து இரட்டைப் பஞ்சர் ஆகும்.

டெல்டாக் களிமண்ணுக்குத் தனிக் குணம் உண்டு. ஆற்றங்கரைப் பாதையில் 50 மீட்டர் போனால் போதும், மண் டயரில் சுற்றிக்கொண்டு மட்கார்டுக்குள் இறுகி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் மட்கார்டின் கம்பியைத் தளர்த்தித் தூக்கி வையுங்கள். மட்கார்டையே கழற்றிவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். பின்சக்கரச் சேறு முதுகில் கோடு போடும் என்பது சின்ன விஷயம். முன்சக்கரத் தண்ணீர் நேராகப் பெடல் அச்சுக்குள் (இரண்டு பெடல் கம்பிகளும் சேரும் நடு அச்சு) போய்க் குண்டுகளைத் துருவாக்கும் என்பதுதான் பெரிய விஷயம்.

முன் மட்கார்டின் கீழ்முனையில் பழைய டியூபிலிருந்து ஒரு சாண் ரப்பரை வெட்டித் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் அது நிற்கட்டும். செலவே இல்லாத வேலை, ஆனால் காலும் செயினும் பாதிக்குப் பாதி நனையாமல் தப்பும்.

4. விளக்கு

டைனமோவை நம்பி மழையில் கிளம்ப வேண்டாம். அதன் உருளை ஈர டயரில் வழுக்கும். வழுக்கினால் வெளிச்சம் மினுக்கிவிட்டு அணையும். வண்டி நின்றால் விளக்கும் நிற்கும். சாலையோரம் ஒதுங்கி நிற்கும்போதுதான் பின்னால் வருகிறவனுக்கு உங்களைத் தெரிய வேண்டியிருக்கிறது. சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்கு முன்னால் வெள்ளை ஒன்று, பின்னால் சிவப்பு ஒன்று. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் சிவப்பை வாங்குங்கள்.

லாரி உதிரிபாகக் கடைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சிவப்பைப் பின் மட்கார்டிலும் கேரியரிலும், வெள்ளையை முன் கவைக்கம்பியிலும் ஒட்டுங்கள். பெடலின் முன்பின் விளிம்புகளில் மஞ்சள் ஒட்டினால் மேலும் கீழும் ஆடும் இரண்டு புள்ளிகளாகத் தெரியும். போவது சைக்கிள் என்று ஓட்டுநருக்குத் தூரத்திலேயே புரியும். துருப்பிடித்த இடத்தில் ஸ்டிக்கர் நிற்காது. தேய்த்து, காயவைத்து, பிறகு ஒட்டுங்கள்.

5. செயின் எண்ணெய்

தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெய் அது; மார்கழிக் காலையில் குப்பியிலேயே கட்டியாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரே மழையில் கழுவிக்கொண்டு போகும். கிரீஸ் தடவினால் மணல் ஒட்டி அரைக்கும். இருசக்கர வாகனத்துக்கு ஊற்றும் எஞ்சின் ஆயில் போதும். ஒவ்வொரு கண்ணியின் உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, 10 நிமிடம் கழித்து மேற்புறத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்ளே. வெளியே மிஞ்சுவது சேற்றைச் சேர்க்கும், ரிம்மில் சொட்டும், அவ்வளவுதான்.

6. வழி: நல்ல வெயிலில் ஒரு முறை, மழை விட்ட மறுநாள் ஒரு முறை

கோடையில் போகிற குறுக்குவழி மழைக்கு வழியில்லை. வெயில் நாளில் ஒரு முறை மெதுவாகப் போய்க் குழிகளின் இடத்தையும், வாய்க்கால் எந்தப் பக்கம் என்பதையும், தடுப்புச் சுவர் இல்லாத மதகுகளையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பெரிய மழைக்கு மறுநாள் விடுமுறையாக இருந்தால் அதே வழியில் இன்னொரு முறை. எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைகளைக் கட்டாயம் பாருங்கள். வெளியே சாலை காய்ந்திருக்கும்போதும் உள்ளே இடுப்பளவு நிற்கலாம்.

ஆற்றங்கரைச் சாலை மேடு, தண்ணீர் நிற்காது, வண்டிகள் குறைவு. புதியவர்களை இழுப்பது இந்த மூன்றும்தான். தார் போட்ட கரையானால் சரி. மண் கரையானால் வேண்டாம். வழுக்கினால் ஒரு பக்கம் வெண்ணாறோ அரசலாறோ, மறுபக்கம் பத்தடிச் சரிவு. பஸ் போட்டி போடும் நெடுஞ்சாலையும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகும் தார்ச் சாலை ஒன்று பெரும்பாலும் இருக்கும், 2 கி.மீ. கூடினாலும் அதையே எடுங்கள். கிராமங்களில் சிமென்ட் சாலைகள் உண்டு. மரநிழல் விழும் இடங்களில் அவற்றில் பாசி படியும். அங்கே வளைக்காமல், பிரேக் தொடாமல் நேராகப் போக வேண்டும்.

ஒவ்வொரு 2 கி.மீ.க்கும் ஒதுங்க ஓர் இடம் குறித்துக்கொள்ளுங்கள்: பஸ் நிழற்குடை, ரேஷன் கடை வாசல், நெல் கொள்முதல் நிலையக் கூரை, கோயில் மண்டபம். புளியமரத்தடியும் தென்னந்தோப்பும் இந்தக் கணக்கில் சேராது. மின்னலுக்கு அவைதான் முதல் இலக்கு, காற்றுக்கு முறிவதும் அவைதான்.

காற்றின் திசையையும் பார்த்துவையுங்கள். இந்தப் பருவத்தில் வடக்கிலிருந்து வாடையும் கிழக்கிலிருந்து கொண்டலும்தான் அடிக்கும். திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் பக்கம் போகிறவர்களுக்குக் காலையில் எதிர்காற்று. திரும்பும்போது முதுகில் தள்ளும். அந்தத் தள்ளுதலில் வேகம் கூடுவது தெரியாது. ஈர பிரேக்கோடு அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

7. உடுப்பு, பை, கால்

தலைவழியே மாட்டிக்கொள்ளும் அகன்ற மழை அங்கி நடக்கிறவர்களுக்கானது. சைக்கிளில் அது காற்றை வாங்கிக்கொண்டு பாய்போல விரியும், பக்கவாட்டில் இழுக்கும். மேல்சட்டை, கால்சட்டை என்று இரண்டாகத் தைத்ததை வாங்குங்கள். நிறம் மஞ்சளோ ஆரஞ்சோ. கறுப்பும் நீலமும் மழை இருட்டில் கரைந்துவிடும். தலைமூடிக்கு அடியில் முன்விளிம்புள்ள தொப்பி ஒன்று போட்டால் கண்ணில் மழை அடிக்காது. கழுத்தைத் திருப்பும்போது மூடி கண்ணை மறைக்காது.

நம் ஊர் மழையில் குளிர் பெரிதில்லை, உள்ளே வேர்க்கும். தூறலாக இருந்து தூரமும் 5 கி.மீ.க்குள் என்றால், நனைந்துகொண்டே போய் அங்கே மாற்றிக்கொள்வது மேல். ஒரு ஜோடி உடையையும் துண்டையும் வேலை இடத்திலேயே வைத்திருங்கள். ஒரு கையில் குடை பிடித்து ஓட்டுவது எந்த மழைக்கும் ஆகாது. மிச்சமிருக்கும் ஒரு கையால் ஒரு பிரேக்கைத்தான் பிடிக்க முடியும்.

சேலை, துப்பட்டா, வேட்டி மூன்றுமே ஈரத்தில் கனத்துச் சக்கரத்துக்குள் போகும். பின்சக்கரத்தில் சேலை கார்டு இருந்தாலும் முந்தானையை இடுப்பில் செருகி ஊக்கு குத்திவிடுங்கள். துப்பட்டாவை மழைக்கோட்டுக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

பைக்குள் தண்ணீர் போகாமலிருக்க உரமூட்டைக்குள் வரும் பாலிதீன் உறையைப் போல மலிவானது எதுவுமில்லை. மூன்று முறை சோப்புப் போட்டு அலசிக் காயவையுங்கள். மிச்சமிருக்கும் யூரியா காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். பொருளை வைத்து வாயை மூன்று மடிப்பு மடித்து ரப்பர் வளையம் போடுங்கள். முடிச்சுப் போட்டால் முடிச்சின் சுருக்கங்கள் வழியாகத் தண்ணீர் இறங்கும். போனுக்குத் தனியாக இன்னொரு பை.

காலுக்கு, குதிகாலில் வார் உள்ள ரப்பர் செருப்பு. ஹவாய் செருப்பு ஈரப் பெடலில் கழன்று போகும், அதைப் பிடிக்கக் காலை நீட்டும்போது ஆளும் விழலாம். ஷூ உள்ளே நனைந்தால் இரண்டு நாளாகும் காய.

8. காலையில் கிளம்புமுன்

பத்து வினாடிப் பார்வை: காற்று, இரண்டு பிரேக், விளக்கு. பிறகு வானிலை அறிவிப்பு. அதில் கனமழை என்றால் ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல், மிகக் கனமழை 115.6 முதல், அதி கனமழை 204.4க்கு மேல். முதல் வகைக்குக் கவனத்தோடு போகலாம். மற்ற இரண்டுக்கும் பஸ்ஸோ விடுப்போதான். புயல் சின்னம் கரைக்கு வரும் நாளில் சைக்கிளைப் பற்றியே நினைக்க வேண்டாம்; 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது சாலைகளில் கிடந்தவை தென்னை மரங்களும் மின்கம்பங்களும்.

வழக்கமாக 35 நிமிடம் ஆகும் தூரத்துக்கு 55 நிமிடம் ஒதுக்குங்கள். மழையில் விழுகிறவர்களில் பலர் நேரமாகிவிட்டதென்று மிதித்தவர்கள்தான்.

9. மழையில் ஓட்டும் முறை

நிற்க வேண்டிய இடத்துக்கு 15 மீட்டர் முன்பே இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்தி உரசவிடுங்கள். சக்கரம் சில சுற்று சுற்றுவதற்குள் கட்டை ரிம்மிலிருக்கும் தண்ணீரை வழித்துவிடும்; அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கும். புதியவர்கள் முதல் அழுத்தில் வண்டி நிற்காததைப் பார்த்துப் பதறி முழுபலத்தையும் போடுவார்கள். அந்த நொடியில் தண்ணீர் வழிந்து கட்டை திடீரென்று பிடிக்க, சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சாயும்.

வளைவில் பிரேக் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். களிமண்ணிலும் வைக்கோலிலும் பின் பிரேக் மட்டும்.

வழுக்குபவை எவை என்று கண் பழக வேண்டும். பாலத்து இரும்பு இணைப்பு, வேகத்தடையின் வெள்ளைப் பட்டை, சாக்கடை மூடி, ரயில்வே கேட்டில் தண்டவாளம். தண்டவாளத்தை நேர்க்குறுக்காக மட்டும் கடக்க வேண்டும்; சாய்வாகப் போனால் சக்கரம் தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் இறங்கும். நாற்று நடவு நேரத்தில் வயலிலிருந்து ஏறும் டிராக்டரின் கேஜ் வீல் (சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) சாலையில் சேற்றுக் கட்டிகளை விட்டுப்போகும். தூறலில் அவை கரைந்து தார்மேல் மெழுகும். வயலுக்கு இறங்கும் பாதை தெரிந்தாலே மிதிப்பதை நிறுத்தி உருட்டவிடுங்கள்.

உலர்ந்திருக்கும்போது பார்த்திராத குட்டையில் இறங்க வேண்டாம். நாலு விரல் ஆழமா நாலு அடி ஆழமா என்று மேலே நின்று சொல்ல முடியாது.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் உடனே கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்துக் கிளம்பலாம். திறந்த வயலுக்கு நடுவே சைக்கிளில் போகிறவர்தான் சுற்றுவட்டாரத்திலேயே உயரமானவர்.

10. சாலைமேல் தண்ணீர்

பெடலை முழுக்கக் கீழே இறக்கினால் தரைக்கும் அதற்கும் 11, 12 செ.மீ. இருக்கும். தேங்கிய தண்ணீரில் பெடல் நனைகிறதென்றால் அதுதான் எல்லை, இறங்கித் தள்ளுங்கள். அதற்கும் மேலே போனால் பெடல் அச்சு மூழ்கும், பிறகு சக்கர ஹப்.

ஓடுகிற தண்ணீர் வேறு கணக்கு. கணுக்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் தள்ளிக்கொண்டும் போகக் கூடாது, 15 செ.மீ. ஓட்டமே ஆளைச் சாய்க்கும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறியிருந்தால் திரும்பிவிடுங்கள். முன்னால் ஒரு டிராக்டர் போனதைப் பார்த்து நாமும் போகலாம் என்று இறங்குவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

வாய்க்காலும் சாலையும் ஒன்றாகத் தெரியும் இடங்களில் மின்கம்பங்களையும் மைல்கல்லையும் பார்த்து நடுச்சாலையில் நடங்கள். சைக்கிளை வாய்க்கால் பக்கம் வைத்துத் தள்ளுங்கள். கரை சரிந்தால் முதலில் இறங்குவது வண்டியாக இருக்கட்டும். அறுந்த மின்கம்பி கண்ணில் பட்டால் அந்தத் தண்ணீரில் கால் வைக்காமல் பின்வாங்கி, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள்.

இரவில் தள்ளிக்கொண்டு நடக்கும்போது டார்ச்சைக் காலடியில் அடியுங்கள். வயலில் தண்ணீர் ஏறினால் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் மேடான சாலைக்குத்தான் வரும். கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். சைக்கிள் மிதித்து ஆஸ்பத்திரிக்குப் போவதும் கூடாது. அசையாமல் இருந்து 108ஐக் கூப்பிடுங்கள்.

காலில் புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காமலிருப்பது நல்லது. எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரலாம். இறங்க வேண்டி வந்து, அடுத்த வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். தினமும் போய்ச் சேர்ந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி விரலிடுக்கு வரை துடைத்தால் சேற்றுப்புண் வராது.

11. மார்கழி, தைப் பனி

மழை போனதும் கஷ்டம் தீர்ந்தது என்று விளக்கைக் கழற்றி வைக்கிறார்கள். உண்மையில் விளக்குக்கு வேலை இப்போதுதான். வயலில் நிற்கும் ஈரமும் காற்றில்லாத இரவும் சேர்ந்தால் விடியற்காலையில் மூடுபனி கட்டும். சூரியன் வந்ததும் விலகிவிடும் என்று எண்ணி உதயத்துக்குக் கிளம்ப வேண்டாம். அந்த நேரத்தை ஒட்டித்தான் பல நாள் பனி அடர்த்தியாக இருக்கும். முடிந்தால் அரை மணி தள்ளிப் போடுங்கள்.

ஒரு கணக்கு: 60 கி.மீ. வேகத்தில் வரும் பஸ் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் வரும். 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால், உங்களைப் பார்த்த பிறகு ஓட்டுநருக்குக் கிடைப்பது 3 நொடி. பின் விளக்கைத் தினமும் துடைப்பதும், வெள்ளை ஓரக்கோட்டுக்கு இடப்பக்கமே ஓட்டுவதும் அந்த 3 நொடிக்காகத்தான்.

முன்விளக்கைக் கீழே சாய்த்து, 5, 6 மீட்டருக்கு முன்னால் தரையில் விழும்படி வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசவைக்கும். மப்ளரைக் காது அடைய இறுக்கிக் கட்டாதீர்கள். பனியில் கண்ணைவிடக் காதுதான் முதலில் சொல்லும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் உலர்ந்த சோப்பை லேசாகத் தேய்த்து மென்துணியால் துடைத்துவிட்டால் ஆவி படியாது.

மழை இல்லாவிட்டாலும் இந்தப் பனியில் ரிம் நனைந்துதான் இருக்கும். தெருமுனையிலேயே ஒரு முறை பிரேக்கைப் பிடித்துத் துடைத்துக்கொண்டு போங்கள்.

12. வழியில் பஞ்சர்

மழை நாளில் பஞ்சர் கடை திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். மழைத்தண்ணீர் கருவேல முள்ளை ஓரத்துக்கு ஒதுக்கிவிடும். நாம் ஓட்டுவதும் ஓரத்தில்தான். ஈர டியூபில் ஒட்டு பிடிக்காது. ஆகவே கூரைக்கு அடியில் போய்த்தான் வேலை.

பழைய வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். செயின் கவரோடு அரை மணி போகும். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை அந்த இடத்தில் வெளியே இழுங்கள். உரசி, துணியால் துடைத்து, சொல்யூஷன் தடவி 5 நிமிடம் காயவிட்டு ஒட்டுங்கள். வாயால் ஊதிக் காயவைத்தால் மூச்சின் ஈரம் படியும். மூடுமுன் டயரின் உள்ளே விரலை ஓட்டி முள்ளை எடுங்கள்; எடுக்காவிட்டால் ஒரு கி.மீ.க்குள் மறுபடி இறங்க வேண்டியிருக்கும். முன்சக்கரமானால் ஒட்டாமல் உபரி டியூபையே போட்டுவிடலாம்.

பஞ்சர் எங்கேயும் தெரியாமல் காற்று மட்டும் இறங்குகிறதென்றால் வால் டியூப் நைந்திருக்கும். கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டி மாற்றினால் முடிந்தது.

13. வீடு வந்ததும்

சேறு காய்வதற்குள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் துணியால் துடையுங்கள். காய்ந்த களிமண்ணை உரசினால் பெயின்ட் போகும், அங்கிருந்து துரு தொடங்கும். வாட்டர் சர்வீஸ் கடையில் பம்பு வைத்து அடிக்கக் கொடுக்காதீர்கள். அந்த வேகத்தில் தண்ணீர் ஹப்புக்குள் போனால் வெளியே வராது. செயினைத் துடையுங்கள். வாரம் ஒரு முறையும், தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்த நாளிலும் எண்ணெய்.

ஹப் மூழ்கியிருந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் கழற்றிக் குண்டுகளைத் துடைத்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும். சுற்றிப் பார்த்து நன்றாகத்தான் ஓடுகிறது என்று விட்டால், ஒரு மாதத்தில் குண்டுகள் உருளும் கோனில் குழி விழுந்து அச்சோடு மாற்ற வேண்டிவரும். மாதம் ஒரு முறை சீட்டைக் கழற்றி வண்டியைத் தலைகீழாகச் சாயுங்கள். சட்டத்துக் குழாய்க்குள் சேர்ந்த தண்ணீர் கொட்டும்.

பனிக்கட்டி பெய்யும் நாடுகளில் அது உருகுவதற்காகச் சாலையில் உப்பு தூவுவார்கள். அங்கே சைக்கிளைத் தின்பது அந்த உப்பு. நாகப்பட்டினம் கடலோரத்திலும் வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி உப்பளப் பக்கமும் யாரும் தூவ வேண்டியதில்லை, காற்றே கொண்டுவரும். அங்கே இருப்பவர்கள் மழை பெய்யாத நாளிலும் ஈரத்துணியால் வண்டியைத் துடைத்து, திருகு முனைகளில் எண்ணெய் தொட்டுவையுங்கள்.

14. தை, மாசியில் வைக்கோலும் நெல்லும்

சம்பா அறுவடை தொடங்கியதும் சாலைதான் களம். பரப்பிய வைக்கோலில் டயர் மிதக்கும். நேராக, மிதிக்காமல் உருட்டிக் கடக்கலாம், வளைக்க முடியாது. பனியில் நனைந்த வைக்கோல் இன்னும் மோசம். செயினுக்கும் ஃப்ரீவீலுக்கும் (பின் பற்சக்கரம்) நடுவே ஒரு கற்றை சுற்றிக்கொண்டால் பெடல் இறுகும். பலவந்தமாக மிதிக்காமல் இறங்கிப் பின்னோக்கிச் சுற்றி உருவுங்கள்.

நெல் காயப் போட்டவர்கள் ஓரத்தில் கல்லும் மரக்கட்டையும் அடுக்கியிருப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளிப் போவார்கள், கல் அங்கேயே கிடக்கும். மறுநாள் பனியில் அது தெரியாது. மாலையில் திரும்பும்போதே எங்கே கல் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். கையோடு ஓரம் தள்ளிவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

மாசி முடிவில் பிரேக் கட்டை 4, பிரேக் ஒயர், வால் டியூப் மூன்றையும் மாற்றிவிடுங்கள். இரண்டு ஹப்பையும் பெடல் அச்சையும் திறந்து கிரீஸ் வைப்பதற்கும் அதுவே நேரம். செயினை முன் பற்சக்கரத்திலிருந்து விரலால் இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி உயரத்துக்கு மேல் விலகி வந்தால் செயின் நீண்டுவிட்டது. ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்ற வேண்டும், பழைய ஃப்ரீவீலில் புதுச் செயின் தாவும்.